10 மீட்டர் ஏர் ரைபிள் பெல்லட்: 4.49ஆ 4.50ஆ, லேத்தில் கடைஞ்ச பித்தளை சரிப்படுமா?

கே.ஆர்.புரம் அப்பா:
பொண்ணுக்கு 15 வயசு, 10 மீ. ஏர் ரைபிள். எலக்ட்ரானிக் டார்கெட்டில் 60 ஷாட்டுக்கு 618 பக்கம் வருது. நல்லா போய்க்கிட்டே இருக்கும், திடீர்னு ஒரு 9.8 விழும். கோச் பெல்லட்டை (சுடற சின்ன ஈயக் குண்டு) மாத்திப் பாருங்கன்னு சொல்லிட்டார், எதுக்கு மாத்தணும்னு சொல்லல. இப்ப வீட்டில் 4.49, 4.50, 4.51 ஹெட் சைஸில் (பெல்லட் தலையோட விட்டம், மி.மீ.ல) மூணு டப்பா இருக்கு. மூணு கேள்வி. எந்த சைஸ்னு எப்படி முடிவு பண்றது? வெர்னியர் வச்சு நானே அளக்கலாமா? பெங்களூர் பீன்யாவில் ஒருத்தர் சிஎன்சி லேத்தில் பித்தளையில் பெல்லட் கடைஞ்சு தரேன், ஒவ்வொண்ணும் மைக்ரான் கணக்கில் ஒரே மாதிரி இருக்கும்ங்கிறார். அது சரிப்படுமா?

தராசு:
முதல்ல பெல்லட்டால எவ்வளவு மார்க் போகுதுன்னு கணக்கு போடுங்க சார், அப்புறம் காசு செலவு பண்ணலாம்.

10 வளையத்தோட விட்டம் 0.5 மி.மீ., பெல்லட் 4.5. பெல்லட் ஓரம் அந்த வளையத்தைத் தொட்டாலே 10.0. அதாவது பெல்லட் நடு, டார்கெட் நடுவிலிருந்து 2.5 மி.மீ.க்குள்ள இருந்தா 10.0. அந்த 2.5ஐ பத்தா பிரிச்சா ஒவ்வொரு 0.1 மார்க்குக்கும் 0.25 மி.மீ. 10.9 வேணும்னா நடுவிலிருந்து கால் மில்லிமீட்டருக்குள்ள விழணும். 9.8னா 2.75க்கும் 3.0க்கும் நடுவில விழுந்திருக்கு.

618ஐ 60ஆல வகுத்தா 10.3. சராசரி ஷாட் நடுவிலிருந்து சுமார் 1.6 மி.மீ. தள்ளி விழுதுன்னு அர்த்தம். இதில் கையோட பங்கும் பெல்லட்டோட பங்கும் கலந்திருக்கு. ரெண்டையும் நேரா கூட்டக்கூடாது. ரெண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுக்கணும்.

மோசமான லாட் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) ஒண்ணு, ரைபிளை அசையாம கிளாம்ப்பில் இறுக்கிச் சுட்டா, 10 ஷாட்டுக்கு வெளி ஓரம் டு வெளி ஓரம் 7.5 மி.மீ. குரூப் (ஓட்டைகளோட கூட்டம்) போடும். பெல்லட் விட்டத்தைக் கழிச்சா 3.0, சராசரி விலகல் (குரூப் நடுவிலிருந்து ஷாட் சராசரியா தள்ளி விழற தூரம்) ஏறக்குறைய 1.0. நல்ல லாட் 6.0 போடும், சராசரி விலகல் 0.5. உங்க பொண்ணு இப்ப மோசமான லாட்ல சுடுறதா வச்சுக்கிட்டா, கையோட பங்கு மட்டும் 1.25. நல்ல லாட்டுக்கு மாத்தினா மொத்தம் 1.35க்கு இறங்கும். 60 ஷாட்டுக்கு 6 மார்க் ஏறும். ஏற்கெனவே நல்ல லாட்லதான் சுடுறாங்கன்னா, பெல்லட் தப்பையே பூஜ்யமாக்கினாலும் 2 மார்க் கூட கிடைக்காது. அதனால எந்த சைஸ்னு கேக்கிறதுக்கு முன்னாடி, இப்ப இருக்கிற லாட் கிளாம்ப்பில் என்ன போடுதுன்னு தெரியணும்.

பீன்யா லேத்:
பித்தளை விஷயத்தை நான் சொல்றேன் (நீங்க சொன்ன ஆள் நான் இல்ல). கடையவே வேண்டாம், கடைஞ்சவர்கிட்ட வாங்கவும் வேண்டாம்.

மேட்ச் ஏர் ரைபிள் 0.53 கிராம் பெல்லட்டை நொடிக்கு 170-175 மீட்டர் வேகத்தில் தள்ளும். ஆற்றல் சுமார் 8 ஜூல். பீப்பாய் நீளம் 42 செ.மீ.னு வச்சுக்குங்க. 8ஐ 0.42ஆல வகுத்தா 19 நியூட்டன். ரெண்டு கிலோ எடையைக் கையில் வச்சிருக்கிற அளவு விசைதான், அதுவும் உராய்வு போக மிச்சம். அவ்வளவு விசையில் பெல்லட் ரைஃப்ளிங்கில் (பீப்பாய் உள்பக்கத்துச் சுருள் காடி) பதிஞ்சு, சுழன்று, வெளிய போகணும். ஈயத்தோட பிரினெல் கடினத்தன்மை 5 பக்கம். அனீல் பண்ணின (சூடாக்கி மெத்தாக்கின) செம்பே 40ஐத் தொடும். லேத்தில் சுலபமா கடையிற ஃப்ரீ கட்டிங் பித்தளை 100ஐத் தாண்டும். இருபது மடங்கு கடினமான உலோகத்தில் ரெண்டு கிலோ விசையால காடி பதிக்க முடியாது. லேண்டை (காடிகளுக்கு நடுவில இருக்கிற மேடு) விடப் பெருசா கடைஞ்சா பீப்பாயில் மாட்டிக்கும். சின்னதா கடைஞ்சா ரைஃப்ளிங்கே பிடிக்காது, காத்து பக்கத்தில் கசிஞ்சு பெல்லட் சும்மா உருண்டுக்கிட்டு வெளிய வரும்.

அடுத்தது ஸ்கர்ட். ஈய பெல்லட் பின்பக்கம் குழிவா, மெல்லிசா இருக்கறதே காத்தழுத்தத்தில் விரிஞ்சு பீப்பாய் சுவரை அடைச்சுக்கத்தான். பித்தளை ஸ்கர்ட் அந்த அழுத்தத்தில் ஒரு மைக்ரான் கூட அசையாது. "மைக்ரான் கணக்கில் ஒரே மாதிரி"ங்கிறார் இல்லையா, எல்லாம் ஒரே மாதிரி தப்பா போகும்.

கடைசியா, ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேச துப்பாக்கி சுடும் விளையாட்டுக் கூட்டமைப்பு) விதியிலேயே ஈயம் அல்லது அது மாதிரி மிருதுவான பொருள்னுதான் இருக்கு. பித்தளை டப்பாவோட மேட்சுக்குப் போனா எக்விப்மென்ட் கன்ட்ரோல்லயே உட்கார வச்சிடுவாங்க. ஈயம் டார்கெட்டுக்குப் பின்னால பெல்லட்டைப் பிடிக்கிற டிராப் தகட்டில் அடிச்சா நசுங்கி விழும். கடின உலோகம் திரும்பி வரும், பக்கத்து லேன் பசங்க கண்ணுக்கு.

ஓசூர் ரோடு:
பீன்யா அண்ணா, ஒரு சந்தேகம். வெளிநாட்டில் பெரிய ரைபிளுக்கு முழு செம்பு, முழு பித்தளை புல்லட் விக்கிறாங்களே. அங்க மட்டும் எப்படி பதியுது?

பீன்யா லேத்:
அங்க அழுத்தம் வேற ராஜாங்கம் தம்பி. சென்டர்ஃபயர் தோட்டா 3,500-4,000 பார் அழுத்தத்தில் வேலை செய்யும். நம்ம ரைபிள் சிலிண்டர் முழுசா நிரம்பினாலே 200 பார், ரெகுலேட்டர் அதையும் குறைச்சுத்தான் விடும். அந்த அழுத்தத்துக்கு செம்பும் பதிஞ்சிரும், ஆனா அங்கயும் சும்மா வழவழன்னு உருளையா கடைய மாட்டாங்க. உடம்பில் மூணு நாலு வளையக் காடி வெட்டியிருப்பாங்க. லேண்ட் தள்ளிவிடற செம்பு போய் உட்கார இடம் வேணும், இல்லாட்டி அழுத்தம் ஏறும், பீப்பாயில் செம்பு அப்பிக்கும்.

இன்னொரு சிக்கல் நீளம். ஈயத்தோட அடர்த்தி 11.34, செம்பு 8.96, பித்தளை 8.5 பக்கம். அதே எடைக்கு செம்பு புல்லட் நீளமாயிடும். நீளமானா ஸ்திரமா பறக்க வேகமான ட்விஸ்ட் (ரைஃப்ளிங்கோட சுத்து) வேணும். அதனாலதான் செம்புக்கு மாறுறவங்க வழக்கமான எடையிலிருந்து ஒரு படி கீழ இறங்கி எடுப்பாங்க. ஈயக் கோர் புல்லட்டுக்கான மருந்து அளவை அப்படியே செம்புக்கு எடுத்துக்கக்கூடாதுன்னு புல்லட் கம்பெனிக்காரங்களே எழுதி வச்சிருக்காங்க. நீளமான புல்லட் கேஸுக்குள்ள அதிக இடத்தை அடைச்சுக்கும், பதியற விசையும் வேற. லேண்டிலிருந்து இடைவெளியும் கொஞ்சம் அதிகமா விடுவாங்க. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1லிருந்து வேட்டைக்கு ஈயத் தோட்டாவே கூடாது. செத்த மிருகத்தைத் தின்னு காண்டர் கழுகுக்கு ஈய விஷம் ஏறுதுங்கிறதுதான் காரணம். செம்புக்கு மார்க்கெட் உருவானதில் அதுக்குப் பெரிய பங்கு உண்டு.

நமக்கு இது வெறும் பொது அறிவு. இங்க லைசென்ஸ் இல்லாம தோட்டா தயாரிக்கறது ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 5க்கு விரோதம். வேட்டைக்கும் 1972 வனவிலங்குச் சட்டப்படி தடை.

மட்டுறுத்துநர்:
செம்பு, பித்தளை பேச்சு இதோட போதும். தோட்டா தயாரிப்பு பற்றிய கேள்விகள் இந்த இழையில் நீக்கப்படும். பெல்லட்டுக்குத் திரும்புங்கள்.

கோச்சக்கா:
அப்பா சார், வெர்னியரைத் தொடாதீங்க. ஈயம் மெத்துனு இருக்கும், தாடை அழுத்தின இடத்திலேயே நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் நசுங்கிடும். 4.49க்கும் 4.50க்கும் உள்ள வித்தியாசமே அவ்வளவுதானே. அளவை லேபிளில் இருந்து எடுத்துக்குங்க, முடிவை பீப்பாய் சொல்லட்டும்.

ஹெட் சைஸை விட லாட்தான் முக்கியம்ங்கிறதை மனசில் வைங்க. ஆர்டபிள்யூஎஸ் ஆர்10 ஆகட்டும், ஹெச் அண்ட் என் ஃபினாலே மேட்ச் ஆகட்டும், ஜேஎஸ்பி ஆகட்டும், 4.50னு போட்ட ரெண்டு டப்பா வெவ்வேறு லாட்டா இருந்தா ரெண்டு வேற பெல்லட்னே நினைச்சுக்குங்க. டை (அச்சு) தேயும், மாத்துவாங்க, ஈயக் கலவையும் கொஞ்சம் மாறும். "எனக்கு 4.49தான் செட் ஆகும்"னு பசங்க சொல்றது முக்கால்வாசி, எப்பவோ ஒரு நல்ல 4.49 லாட் கிடைச்சிருக்குங்கிறதோட மறுபெயர். பிஸ்டல் பெல்லட்டை மாத்தி வாங்கிடாதீங்க, அது 0.45 பக்கம் எடை குறைஞ்சு இருக்கும். ரைபிளுக்கு 0.53 பக்கம்.

டெஸ்ட் பண்ற நாளைக்கு முன்னாடி பீப்பாயை ஃபெல்ட் பெல்லட்டால சுத்தம் பண்ணுங்க, பின்பக்கத்திலிருந்து வாய்ப்பக்கமாத்தான். வாய்ப்பக்கத்திலிருந்து கம்பி விட்டா ரைஃப்ளிங்கோட கடைசி விளிம்பு அடி வாங்கும். அந்த விளிம்புதான் பெல்லட் கடைசியா தொடற இடம். கரைப்பான், பெட்ரோல் எதுவும் ஊத்தாதீங்க, ஓ-ரிங் ஊதிக்கும். சுத்தம் பண்ணினதும் 20 பெல்லட்டை சும்மா சுட்டுடுங்க. புதுசா துடைச்ச பீப்பாய் முதல் பத்துப் பதினஞ்சு ஷாட் அலையும்.

சிலிண்டரை நிரப்பி, 180லிருந்து 100 பாருக்குள்ளயே டெஸ்டை முடிங்க. அதுக்குக் கீழ போனா ரெகுலேட்டர் தடுமாறுதா, பெல்லட் தடுமாறுதான்னு பிரிக்க முடியாது. ஒவ்வொரு லாட்டுக்கும் 50 பெல்லட், 10 ஷாட் குரூப்பா அஞ்சு. ஆனா அ-வை அஞ்சு குரூப்பும் முடிச்சிட்டு ஆ-வுக்குப் போகாதீங்க. அ, ஆ, இ, மறுபடி அ, ஆ, இன்னு சுத்தி வாங்க. காலையிலிருந்து மத்தியானத்துக்குள்ள ஏதாவது நகர்ந்தாலும் மூணு லாட்டும் அதைச் சமமா வாங்கிக்கும். லாட் மாத்தும்போதெல்லாம் முதல் அஞ்சு ஷாட்டைக் கணக்கில் சேர்க்காதீங்க, கம்பெனி மாறினா பத்து. ஒவ்வொரு கம்பெனியும் போடற எண்ணெய்ப்பூச்சு வேற, பீப்பாய்க்குப் பழக நேரம் வேணும்.

பேப்பர்ல சுட்டா அசல் மேட்ச் கார்டு வேணும். ஏ4 தாள் கிழியும், ஓட்டையோட ஓரம் தெரியாது. எலக்ட்ரானிக் டார்கெட்டில் ஆயத்தொலைவுகளை எடுக்க முடிஞ்சா அதை எடுத்துக்குங்க, அளக்கிற வேலையே மிச்சம்.

கே.ஆர்.புரம் அப்பா:
மூணு பேருக்கும் நன்றி. அக்கா, கிளாம்ப்புக்கு எங்க போறது? பொண்ணை மணல் மூட்டையில் வச்சு சுடச் சொன்னா போதாதா?

கோச்சக்கா:
போதாது. மணல் மூட்டையில் ஆள் தப்பே 7 மி.மீ. குரூப் போடும், பெல்லட் வித்தியாசம் அதுக்குள்ள மறைஞ்சிடும். அதோட பொண்ணு அன்னிக்கு நல்லா சுட்ட டப்பா எதுவோ அதையே நல்லதுன்னு நம்பிடுவா. அது வேற தலைவலி.

பீன்யா லேத்:
கிளாம்ப் நம்ம ஊரிலேயே பண்ணிக்கலாம். கடைசல்காரர்கிட்ட இப்படிச் சொல்லுங்க.

அடித்தகடு 20 மி.மீ. எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) பிளேட், 300க்கு 200. மேல் முகத்தை சர்ஃபேஸ் கிரைண்ட் பண்ணச் சொல்லுங்க. அதுமேல ரெண்டு வி பிளாக், உள்பக்கம் டெல்ரின் (கடின பிளாஸ்டிக்) லைனிங். ஸ்டாக்கை (தோளில் வைக்கிற கட்டை) கழட்டி ரிசீவரை (போல்ட்டும் ட்ரிகரும் இருக்கிற நடு உடம்பு) மட்டும் பிடிக்கணும். இங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க. பீப்பாயைப் பிடிச்சா இறுக்கற ஒவ்வொரு தடவையும் வேற குரூப் வரும். ஏர் சிலிண்டரை கனவில கூட பிடிக்காதீங்க, அது அழுத்தப் பாத்திரம், கீறல் விழுந்தா ஆபத்து. மேல்தாடை போல்ட்டை டார்க் ரெஞ்சால (முறுக்கு விசை காட்டற ஸ்பேனர்) ஒரே அளவுக்கு இறுக்குங்க. எவ்வளவுங்கிறதை விட தினமும் அதே அளவுங்கிறதுதான் கணக்கு.

அடித்தகட்டை மர மேசையில் போல்ட் போட்டா வீண். ஜிகணிப் பக்கம் கிரானைட் வெட்டுற பட்டறைகளில் 50 மி.மீ. ஒதுக்குத் துண்டு கிடைக்கும். அதை செங்கல் தூண்மேல சிமென்ட்ல படுக்க வச்சு, ஆங்கர் போல்ட்ல தகட்டைப் பிடிங்க. பக்கத்தில் கம்ப்ரசர் ஓடினா நிறுத்துங்க. ட்ரிகரை விரலால தொடாதீங்க. பழைய கேமரா கேபிள் ரிலீஸை ஒரு சின்ன பிராக்கெட்டில் மாட்டினா வேலை முடிஞ்சுது.

கிளாம்ப் சரியான்னு எப்படித் தெரியும்? ஒரே லாட்ல 5 சுடுங்க, கழட்டி மாட்டி மறுபடி 5 சுடுங்க. 5 ஷாட் குரூப்ல நடுப்புள்ளி கொஞ்சம் நகர்றது சகஜம், ஆனா கழட்டி மாட்டற ஒவ்வொரு தடவையும் நல்லா நகர்ந்தா கிளாம்ப்தான் பேசுது, பெல்லட் இல்ல.

தராசு:
பீன்யா சார் சொன்னதுல கடைசிப் பத்தியை அச்செடுத்து சுவத்துல ஒட்டுங்க.

அளக்கிறதைப் பத்தி ரெண்டு வார்த்தை. ரேஞ்சில பசங்க ஒரு 10 ஷாட் குரூப் சுட்டு, "இது 5.8, அது 6.1, இதுதான் பெட்டர்"னு டப்பாவைத் தூக்கிட்டுப் போறாங்க. 10 ஷாட் குரூப்போட அகலம் ஒண்ணும் மாறாமலேயே ஐந்தில் ஒரு பங்கு ஏறி இறங்கும். நடுப்புள்ளிக் கணக்கில் 1.5 மி.மீ. போடற லாட் ஒரு தடவை 1.2 போடும், அடுத்த தடவை 1.8. 0.3 வித்தியாசத்துக்கு ஒரு குரூப்பை வச்சு முடிவு பண்றது சீட்டுக் குலுக்கல். அகலத்தை விட சராசரி விலகலை எடுங்க. அகலம் ரெண்டு ஷாட்டை மட்டும் பாக்குது, சராசரி விலகல் பத்தையும் பாக்குது. கார்டை 600 டிபிஐல ஸ்கேன் பண்ணினா 1 மி.மீ.க்கு 23.6 பிக்சல். ஒவ்வொரு ஓட்டையோட நடுவையும் குறிச்சு எக்செல்ல போட்டா வேலை முடிஞ்சுது. 50 ஷாட்ல சராசரி விலகல் நூத்துக்கு ஏழு எட்டுக்குள்ள நிக்கும்.

எடை. எனக்குப் பிடிச்ச வேலை, பேர்லயே தெரியும். 0.01 கிராம் தராசு இதுக்கு ஆகாது. 0.53னு காட்டற பெல்லட் 0.525ஆ இருக்கலாம், 0.534ஆவும் இருக்கலாம். 0.001 கிராம் தராசு வேணும், அவென்யூ ரோடு பக்கம் நகைக்கடைக்கு சாமான் விக்கிறவங்ககிட்ட கேளுங்க, கூடவே ஒரு அளவுக்கல்லும். ஃபேனை நிறுத்துங்க, தராசுக்கு மேல கண்ணாடி மூடி இருக்கணும், போட்டு 15 நிமிஷம் சூடாகட்டும். ஒவ்வொரு 20 பெல்லட்டுக்கும் அளவுக்கல்லை வச்சுப் பாருங்க, பூஜ்யம் நழுவும்.

கோச்சக்கா:
தராசு சார், அந்தப் பொண்ணு வாரத்துக்கு அஞ்சு நாள் சுடறா. அவங்க அப்பா ராத்திரி பூரா 500 பெல்லட் எடை போட்டுக்கிட்டு உக்காந்திருக்கணுமா? உங்க கணக்கிலேயே எடைக்கு எவ்வளவு மார்க் வருது, அதைச் சொல்லுங்க.

தராசு:
சரி, மாட்டிக்கிட்டேன். 10 மீட்டர் போக 0.06 நொடி. அந்த நேரத்தில் பெல்லட் பீப்பாய்க் கோட்டிலிருந்து 17 மி.மீ. இறங்கும். வேகம் நொடிக்கு 1 மீட்டர் மாறினா இறக்கம் 0.2 மி.மீ. மாறும். எடை 0.005 கிராம் கூடினா வேகம் 0.8 மீட்டர் குறையும், அதாவது 0.16 மி.மீ. மார்க்ல 0.06. அதையும் வர்க்கத்தில் கூட்டினா 1.6 மி.மீ. மொத்தத் தப்புக்குள்ள காணாம போயிடும். ஒத்துக்கிறேன், மேட்ச் தர டப்பாவுக்கு ஒவ்வொண்ணா எடை போடறது வீண்.

ஆனா வாங்கறதுக்கு முன்னாடி டப்பாவுக்கு 20 எடுத்து எடை பாக்கறது வீண் இல்ல. பெருசுக்கும் சின்னதுக்கும் 0.015 கிராமுக்கு மேல இடைவெளி இருந்தா அந்த லாட்டை விட்டுடுங்க. எடை தப்பே பெரிய விஷயம்ங்கிறதால இல்ல, எடையில் அலட்சியமா இருக்கிற லாட் மத்ததிலயும் அலட்சியமாத்தான் இருக்கும். இதே கணக்குல க்ரோனோவையும் (வேகம் அளக்கிற கருவி) பாத்துக்குங்க: 10 ஷாட்ல வேக வித்தியாசம் 3 மீட்டரைத் தாண்டினா 0.6 மி.மீ. மேல கீழ போகுது. எல்லா லாட்லயும் தாண்டினா பெல்லட்டைத் திட்டாதீங்க, ரெகுலேட்டரை சர்வீஸுக்கு விடுங்க. குரூப் நெட்டையா நின்னா வேகம், குறுக்க படுத்தா வேற ஏதோ.

கோச்சக்கா:
இப்ப சொன்னது சரி. அப்பா சார், உங்க 9.8க்கு எடை காரணமில்ல. நான் பந்தயம் கட்டறது ஸ்கர்ட்மேல.

ஒரு டப்பாவைத் திறந்து வெள்ளைத் துணியில் மெதுவா கொட்டுங்க. நகைக்காரர் பத்து மடங்கு லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) ஒண்ணு எடுத்துக்குங்க. பெல்லட்டை ஸ்கர்ட் பக்கம் உங்களைப் பாக்கற மாதிரி திருப்பி, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழற மாதிரி பிடிங்க. நல்ல ஸ்கர்ட் ஓரம் முழு வட்டமா, ஒரே தடிமனா, மோதிரம் மாதிரி மின்னும். கெட்டுப்போனதில் ஒரு இடத்தில் அந்த மினுக்கம் அறுந்திருக்கும். அரிசி நுனி அளவுக்கு உள்ள மடங்கியிருக்கும், சில சமயம் அச்சில் பிசிறின ஈயச் சீவல் முடி மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்கும். அந்த மடிப்பு வழியா காத்து ஒரு பக்கமா கசியும், பெல்லட் பீப்பாய் வாயை விட்டு வெளிய வரும்போது பின்பக்கத்தை யாரோ ஒரு பக்கமா உதைச்ச மாதிரி கிளம்பும். அதுதான் ஃப்ளையர், கூட்டத்தை விட்டுத் தனியா விழற ஷாட். வெறும் கண்ணுக்கு நல்ல பெல்லட் மாதிரியே இருக்கும்.

மடங்கினதுல பாதி ஃபேக்டரியில் ஆனது இல்ல. பைக் பையில டப்பாவை நிமிர்த்திப் போட்டு சில்க் போர்டு சிக்னல் வரைக்கும் குலுக்கிட்டு வந்தா எந்த பெல்லட்டும் உருப்படாது. டப்பாவுக்குள்ள மேல இடம் காலியாக ஆக ஆக ஒரு வட்டமா வெட்டின ஸ்பாஞ்ச் வச்சு அமுக்குங்க. மேட்சுக்கு ஒவ்வொண்ணா குழியில் உக்கார வச்ச டிரே பேக் கிடைக்கும், விலை அதிகம், மேட்சுக்கு மட்டும் அது.

லோடிங்கையும் பாருங்க. பெல்லட் பீப்பாய் வாசலில் கொஞ்சம் சாஞ்சு நிக்கும்போது போல்ட்டைத் தள்ளினா அங்கேயே ஸ்கர்ட் மடங்கும். போல்ட் கடைசி அரை சென்டிமீட்டரில் கொஞ்சம் இறுக்கமா போற மாதிரி விரலுக்குத் தெரிஞ்சா நிறுத்தி, பெல்லட்டை எடுத்துப் போட்டுடணும். மேட்ச்சில் 60 ஷாட்டுக்கு நேரம் 75 நிமிஷம், ஒரு பெல்லட்டுக்கு கஞ்சத்தனம் பண்ணக்கூடாது.

ஓசூர் ரோடு:
செம்பு முலாம் பூசின பெல்லட் கடையில் பாக்கறேனே, அதுவும் வேண்டாமா?

பீன்யா லேத்:
மேட்சுக்கு வேண்டாம். மேல் தோல் கடினமாகுது, ஸ்கர்ட் விரியறது குறையுது. முலாமோட தடிமன் ஒவ்வொண்ணுலயும் ஒரே மாதிரி இருக்கும்னும் நம்ப முடியாது. டின் கலந்த ஈயமில்லா பெல்லட் வேற ரகம், ஆனா எடை ரொம்பக் குறைவு, 0.35 கிராம் பக்கம். வேகமா போகும், காத்து சீக்கிரம் பிடிச்சு நிறுத்தும். ஈயத்துக்கு பயந்து வீட்டு ரேஞ்சுக்கு வாங்கறவங்க உண்டு, நான் குறை சொல்ல மாட்டேன்.

அல்சூர் டாக்டரம்மா:
அந்த பயம் நியாயமான பயம்தான், அதனால குறுக்க வரேன். பெல்லட்டை வாயில் வச்சுக்கிட்டு லோட் பண்ற பழக்கம் இன்னும் சில பசங்ககிட்ட இருக்கு, உடனே நிறுத்தணும். சுட்டு முடிச்சதும் சோப்பு போட்டு கை கழுவின பிறகுதான் டிஃபன் பாக்ஸ். டிராப் பக்கம் விளக்குமாறு போட்டுப் பெருக்காதீங்க, தூசி மூக்கு உயரத்துக்கு வரும். ஈரத் துணியால துடைங்க, அந்தத் துணியை வீட்டுத் துணியோட துவைக்காதீங்க. வீட்டில் தவழற குழந்தை இருந்தா ரேஞ்ச் செருப்பு வாசலுக்கு வெளியவே. சேர்ந்த ஈயத்தை உருக்கி மீன் தூண்டில் குண்டு பண்றேன்னு யாரும் அடுப்படிக்குப் போகாதீங்க. ஈயம் எடுத்துக்கற அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சிக்காரங்ககிட்ட கொடுங்க. வளர்ற பொண்ணு, தினமும் ரேஞ்ச்ல இருக்கா, வருஷத்துக்கு ஒரு தடவை ரத்தத்தில் ஈய அளவு பாத்திடுங்க.

கே.ஆர்.புரம் அப்பா:
பண்ணியாச்சு. கிளாம்ப் ஒரு கிளப்பில் இருந்தது, வாடகைக்குக் கொடுத்தாங்க. மூணு லாட், ஒவ்வொண்ணுக்கும் 50 ஷாட், சுத்தி சுத்தி. சராசரி விலகல் மி.மீ.ல: 4.49 டப்பா 0.58, 4.50 டப்பா 0.93, 4.51 டப்பா 0.61. பொண்ணு இத்தனை நாளா சுட்டது 4.50. லூப்ல பாத்தா அந்த டப்பாவில் 100க்கு 7 ஸ்கர்ட் மடங்கியிருக்கு. மத்த ரெண்டுலயும் ஒண்ணு, ரெண்டு. 4.49ஐயும் 4.51ஐயும் எப்படிப் பிரிக்கிறது?

தராசு:
பிரிக்க முடியாது, பிரிக்கவும் வேண்டாம். 0.58க்கும் 0.61க்கும் நடுவில 50 ஷாட்டால ஒண்ணும் சொல்ல முடியாது. எந்த லாட் அதிகமா ஸ்டாக் கிடைக்குதோ அதை எடுங்க. 4.50ல மடங்கின ஏழையும் பொறுக்கி எடுத்துட்டு மிச்சத்தை மறுபடி 50 சுட்டுப் பாருங்க. 0.6க்கு வந்தா லாட் மேல தப்பில்ல, டப்பா அடி வாங்கியிருக்கு. பயிற்சிக்கு வச்சுக்கலாம்.

கோச்சக்கா:
எத்தனை வாங்கறதுன்னு அடுத்துக் கேப்பீங்க. ஒரு நாளைக்கு 80 ஷாட், வாரம் அஞ்சு நாள்னா மாசத்துக்கு 1,700 பக்கம். எல்லாத்துக்கும் மேட்ச் லாட் வேண்டாம். மேட்சும் அதுக்கு முந்தின வாரமும் மட்டும்னா 5,000 ஒரு சீசனுக்கு வரும். அதாவது 500 டப்பா பத்து, எல்லாம் ஒரே லாட். மரப் பெட்டி, மர அலமாரியில் வைக்காதீங்க. மரத்திலிருந்து வர்ற அசிட்டிக் அமில ஆவி ஈயத்தை வெள்ளைப் பொடியா அரிச்சிடும். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட வைங்க. வெள்ளை பூத்த பெல்லட்டைக் கழுவி எண்ணெய் போட்டு மேட்சுக்குக் கொண்டு போகாதீங்க, அது வேற லாட் ஆயிடுச்சு.

கே.ஆர்.புரம் அப்பா:
டீலர் 4.51 பத்து டப்பா இருக்குங்கிறார், எல்லாம் ஒரே லாட்தான்னு ஃபோன்ல சொல்றார். பணம் அனுப்பலாமா?

பீன்யா லேத்:
ஃபோன்ல எல்லாருக்கும் ஒரே லாட்தான். பத்து டப்பாவையும் கவுத்து வச்சு, லேபிளோட லாட் எண் தெரியற மாதிரி ஒரே போட்டோவில் எடுத்து அனுப்பச் சொல்லுங்க. உங்க டப்பாவில் இருக்கிற எண்ணோட கடைசி இலக்கம் வரைக்கும் ஒத்துப்போச்சுன்னா அனுப்புங்க.